குளியல் தொட்டியில் விழுந்த ஆணி

ஸ்டுடியோவின் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பத்து. கதவுக்கு வெளியே பதினொன்று ஐந்து.

கடிகாரம் கெட்டுப்போகவில்லை என்றான் ஆபரேட்டர். பேட்டரியை அவனே எடுத்து வைத்திருந்தான். முள் நகர்ந்தால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறும். தவிர, ஒரு பாடத்தை மூன்று நாளாகப் படம் பிடித்து ஒட்டினால், பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பின்னால் கடிகாரம் நாலு மணி நேரம் தாண்டிக் குதிக்கும். அதனால் இந்த அறையில் என்றைக்கும் பத்து பத்து. உள்ளே வருகிறவர்கள் போனையும் கைக்கடிகாரத்தையும் வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

கிளட்ச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலி. வந்ததிலிருந்து இது நாலாவது தடவை.

"ரெண்டு மணிக்கு விசாரணை. மணி தெரியாத ரூம்ல உக்காந்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறது அண்ணி?"

"மணி தெரிஞ்ச ரூம்ல நீ கண்டுபிடிச்சதை ஒண்ணு சொல்லு, கேப்போம்," என்றார் அண்ணி.

கிளட்சின் நிஜப் பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும் இருந்தது. இருபது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்திய சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது. அண்ணி அவருடைய அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தபோது, தன் கடைக்குத் தானே தீ வைத்தவர்களையும் ஓடாத வண்டியை மரத்தில் மோதவிட்டவர்களையும் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணி என்றே கூப்பிட்டார்கள்.

இன்றைக்கு அவர்களை வரச் சொன்னவன் ஆபரேட்டர். இந்தத் தொழிற்கல்வி வளாகத்தின் வீடியோ பாடங்கள் எல்லாம் இந்த அறையில் அவன் கையால் தயாராகின்றன. தபால் வழியில் படிப்பவர்கள் வீட்டில் வீடியோவைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் பட்டறைக்கு வந்து செய்து பழகுவார்கள். போன சனிக்கிழமை ஒரு மாணவி வெல்டிங் மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே கை வைத்தாள். உள்ளங்கை வெந்துவிட்டது. இரண்டு விரல்களில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. வீடியோவில் சார் எப்படிச் செய்தாரோ அப்படியே செய்தேன் என்று ஆஸ்பத்திரியில் இடது கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த வீடியோவில் பாடம் நடத்தியவர் வாத்தியார். மற்றவர்கள் எல்லாம் சார், மேடம். வளாகத்தில் வாத்தியார் என்றால் அவர் ஒருவர்தான். இருபத்தாறு வருடம். தப்பாகச் சொல்லிக் கொடுத்தார் என்று விசாரணைக் குழு முடிவு கட்டினால் வேலை போகும். அதற்குமேல் எங்கேயும் ஒரு கரும்பலகை பக்கம் நிற்க முடியாது.

வாத்தியார் ஆபரேட்டரின் மாமனார். ஆபரேட்டர் வீட்டோடு மாப்பிள்ளை.

"எங்க மாமா தப்பா சொல்லித் தர்ற ஆள் இல்ல," என்றான் அவன். "யாரோ வீடியோல கை வெச்சிருக்காங்க. நான் அவர் பேச்சுல ஒரு சொல்லைக்கூட வெட்டல. சத்தியமா."

கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார் அண்ணி. ஆபரேட்டர் திரையின் ஓரத்தைப் பார்த்தான். மஞ்சள் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"வீட்டுச் சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுத் திருடனைத் தேடுறீங்க," என்றார் கிளட்ச்.

வீடியோ ஓடியது. ஐந்து நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. எந்தப் பாடமும் ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் யாரும் பார்ப்பதில்லை என்பது மேலிடத்து உத்தரவு. நீலச் சட்டையில் வாத்தியார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிக்கனமான பேச்சு. ஒவ்வொரு சொல்லையும் திரும்ப வாங்கிக்கொள்வது போலப் பேசினார். மெஷினின் சுவிட்சை அணைத்தார். மூடியைத் திறந்தார். "மெயினை அணைச்சாச்சு," என்றார். காட்சி மாறியது. இப்போது திரையில் கை மட்டும். "ப்ப தொடலாம்." விரல் உள்ளே போய் ஒரு முனையைத் தொட்டது.

"முதல் எழுத்தை முழுங்கிட்டாரே. காலையில சாப்பிடலையா?" என்றார் கிளட்ச்.

"அவர் எப்பவும் அப்படித்தான் சார். பாதி வாய்க்குள்ளயே இருக்கும்."

மெஷினுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் டப்பா ஒன்று இருக்கிறது, மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் நிற்கும், அது வடிய ஐந்து நிமிடம் ஆகும் என்று ஆபரேட்டர் விளக்கினான். விபத்துக்குப் பிறகுதான் அவனுக்கே அது தெரியும். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லும் அந்த ஒரு வரிதான் வீடியோவில் இல்லை. அசல் பதிவு இருந்தால் தெரிந்துவிடும். ஆனால் மாதக் கடைசியில் அசலை எல்லாம் அழித்து இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். அழித்தாகிவிட்டது.

படம் பிடித்த அன்றைக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டார் அண்ணி.

"ஒண்ணும் இல்ல. ஒரே டேக். வந்தார், எடுத்தார், பேசாம போனார்." மேஜையில் இல்லாத தூசியை அவன் துடைத்தான். "அவர் எப்பவும் பேசாமதான் போவார்."

"வீடியோவைப் பார்த்துட்டு என்ன சொன்னார்?"

அதுதான் புரியவில்லை என்றான் ஆபரேட்டர். விபத்து நடந்த காலையில், நான் சொல்லிக் கொடுத்ததை ஏன் செய்யவில்லை என்று பட்டறையே அதிரக் கத்தியிருக்கிறார். சாயங்காலம் வீட்டில் மகளுடைய போனை வாங்கி வீடியோவை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குழுவுக்கும் எழுதித் தரவில்லை. தப்பு செய்தவர்தான் இப்படி வாயை மூடிக்கொள்வார் என்று வளாகம் முழுக்கப் பேச்சு.

அண்ணி இன்னொரு தடவை வீடியோவை ஓட்டச் சொன்னார். அதற்குள் கதவு திறந்தது. இடுப்பில் ஒரு ரப்பர் குழந்தையுடன் ஒரு அம்மாள் வந்தார். நர்சிங் டீச்சர். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பாடம் அவருடையது. அவருடைய புகார் எளிமையானது. வீடியோவில் குழந்தையின் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும் எங்கேயோ ஆணி விழுகிற மாதிரி ஒரு சத்தம். குளியல் தொட்டிக்குள் ஆணி எங்கிருந்து வந்தது என்று மாணவிகள் கேட்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம். இருமினார், அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஆணி எதையும் அவர் கொண்டுவரவில்லை.

நாளைக்குப் பார்க்கலாம் என்றான் ஆபரேட்டர்.

"முன்னெல்லாம் எவ்வளவு ஒழுங்கா எடுப்பீங்க. ஆரம்பத்துல அரை நிமிஷம் மூச்சுகூட விடாம உக்கார வெப்பீங்களே. இப்ப அதுவும் கிடையாது."

"இப்ப அது தேவைப்படல டீச்சர்."

டீச்சர் குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடி, முறைப்படி, வெளியே போனார்.

---

பட்டறை வளாகத்தின் மறு கோடியில் இருந்தது. கிளட்ச் வண்டியை எடுத்தார். டிரைவிங் ஸ்கூலை மூடினாலும் அந்த வண்டியை விற்க அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அண்ணி அதில்தான் உட்காருவார். போனைத் திரும்ப வாங்கியதிலிருந்து கிளட்ச் ஒரு கையால் வண்டியும் ஒரு கண்ணால் மணியும் ஓட்டினார். பதினொன்று முப்பத்தாறு. முப்பத்தேழு.

"ரோட்டைப் பார்."

"ரோடு எங்கயும் போகாது அண்ணி. மணிதான் போகுது."

பாடம் நடத்தக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வாத்தியார் பட்டறையில் தனியாக இருந்தார். வாசலில் இங்கேயும் ஒரு போன் பெட்டி. அது காலியாக இருந்ததால் கிளட்ச் அதைக் கவனிக்காதது போல உள்ளே நுழைந்தார். வாத்தியார் அப்போதுதான் ஒரு வெல்டிங் மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றியிருந்தார். கழற்றிய திருகாணிகள் அவருடைய இடது உள்ளங்கையில் இருந்தன.

அண்ணி தாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னார். வாத்தியார் கேட்டுக்கொண்டார். கிளட்ச் குனிந்து மெஷினுக்குள் எட்டிப் பார்த்தார். இதுவா அந்த டப்பா என்று விரலை நீட்டினார். வாத்தியார் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாக. கையை மெதுவாக வெளியே கொண்டுவந்து, அவருடைய சட்டைப் பையின் மேலேயே வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு பேசவில்லை.

மருமகன்தான் அனுப்பினார் என்றார் கிளட்ச். பதில் இல்லை. விசாரணைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்றார். இல்லை. வாத்தியார் ஒரு திருகாணியை மேஜையில் இருந்த ஸ்டீல் தட்டில் போட்டார். டிங். கிளட்ச் பட்டறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சுவரில் தொங்கிய ஸ்பேனர்களை எண்ணினார். இங்கேயும் கடிகாரம் கிடையாது. தூசி பறக்கும் இடத்தில் எந்தக் கடிகாரமும் ஆறு மாதம் தாங்காது. டிங். அவர் திரும்பி வந்து, சின்ன வயசில் தன் அப்பா இப்படித்தான் பேசாமலே அடிப்பார் என்றார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. எழுந்தார். டிங். வாத்தியாரின் முகத்தில் கோபமும் இல்லை, அவமதிப்பும் இல்லை. உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன, ஏதோ எண்ணுகிறவர் மாதிரி. அண்ணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிங்.

கிளட்ச் அண்ணியின் காதருகே குனிந்தார். "இவர் வாயைத் திறக்க மாட்டார். மரத்தை விசாரிச்சாலும் ஒரு இலையாவது விழும்."

டிங்.

உள்ளங்கை காலியானது. வாத்தியார் எழுந்து, மீட்டரின் இரண்டு முனைகளை மெஷினுக்குள் வைத்து முள்ளைப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டு டப்பாவைத் தொட்டார். கிளட்சைப் பார்த்து, இப்போது நீங்களும் தொடலாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

பேசியது அதற்குப் பிறகுதான். அதுவும் கொஞ்சம். அந்தப் பெண்ணின் விரல்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். அண்ணி தெரிந்ததைச் சொன்னார். கை போனதற்கு வீடியோ காரணம், வீடியோவில் இருக்கும் முகம் தன்னுடையது, அதற்குமேல் குழுவிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்றார் அவர்.

வீடியோவில் என்ன பார்த்தீர்கள் என்று அண்ணி கேட்டார்.

வாத்தியார் தட்டில் இருந்த திருகாணிகளை எடுத்து மூடியை மாட்ட ஆரம்பித்தார். "அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க. தேட வேண்டாம்னு."

வெளியே வந்ததும் கிளட்ச் போனைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்தொன்பது. உள்ளே போகும்போது நாற்பத்தொன்று.

"எட்டு நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வெச்சுட்டார் மனுஷன்."

அண்ணி ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கிளட்ச் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. வாத்தியாரின் வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே வண்டி குலுங்கி நின்றது. நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. அண்ணியின் கால் பக்கத்து பிரேக்கில் முழுசாக இறங்கியிருந்தது.

"அண்ணி, ரோட்டுல ஆள் யாரும் இல்ல."

"ஆள் இல்ல. ஆணி இருக்கு. வண்டியைத் திருப்பு."

---

மரப்பெட்டியில் போனைப் போடும்போது மணி பன்னிரண்டு பத்து. அதற்குப் பிறகு மறுபடியும் பத்து பத்து.

ஆபரேட்டர் மதிய உணவுப் பையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி நர்சிங் டீச்சரின் வீடியோவைப் போடச் சொன்னார். இதற்கும் மாமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டான். போட்டான். ரப்பர் குழந்தை தொட்டியில் கிடந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். டீச்சர் வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி நின்றார். மெல்லிய டிங்.

கிளட்ச் நெற்றியைத் தடவியபடி நிமிர்ந்தார்.

"இந்த இடத்துல டீச்சர் இருமினாங்களா?" என்றார் அண்ணி.

ஆமாம் என்றான் ஆபரேட்டர். இருமலை எடுத்துவிட்டு அந்த இடத்தை மூடியிருக்கிறான். சத்தத்தை வெட்டினால் வெறுமனே விட முடியாது. அங்கே ஓட்டை விழுந்தது போலக் காதுக்குத் தெரியும். ஆள் பேசாதபோதும் ஒரு அறைக்கென்று ஒரு சத்தம் உண்டு. அந்த அறையின் அமைதியையே கொஞ்சம் வெட்டி அங்கே ஒட்ட வேண்டும். அதற்காகத்தான் முன்பெல்லாம் எல்லாரையும் அரை நிமிடம் அசையாமல் உட்கார வைத்துப் பதிவு செய்துகொள்வான்.

"இப்ப ஏன் அது தேவைப்படல? அமைதியை எங்க வெச்சிருக்கீங்க தம்பி?"

அவன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரே ஒரு ஒலிப்பதிவு. 'நல்ல அமைதி' என்று பெயர். ஏசி ஓடாத ஒரு நாளில் கிடைத்தது, இவ்வளவு சுத்தமாக இந்த அறை எப்போதும் இருந்ததில்லை என்றான். ஒன்றரை மாதமாக எல்லாப் பாடத்திலும் இருமல், தும்மல், நாற்காலிச் சத்தம் எல்லாவற்றையும் இதைக்கொண்டுதான் மூடுகிறான். தையல் பாடத்தில் இருக்கிறது. கணக்குப் பாடத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் சின்னச் சத்தங்களைத் தவிர்த்துவிட்டுத்தான் வெட்டி எடுப்பான். டீச்சர் வீடியோவில் கவனிக்காமல் விட்டுவிட்டான்.

"முழுசா போடுங்க."

"அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே வராது அண்ணி."

"பரவாயில்ல தம்பி," என்றார் கிளட்ச். "காலையில இருந்து இது ரெண்டாவது. எனக்குப் பழகிடுச்சு."

ஸ்பீக்கரில் அமைதி ஓடியது. எங்கோ ஒரு மூச்சு. வேறொன்றும் இல்லை. கிளட்ச் பையைத் தொட்டார், போன் இல்லை, கையை எடுத்தார். இரண்டு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரியாத அந்த அறையில் அந்த ஒரு நிமிடம் நீண்டுகொண்டே போனது. டிங். மறுபடியும் மூச்சு. திரையில் ஓடிய எண்களை அண்ணி விரலால் சுட்டிக் காட்டினார். சரியாக ஒரு நிமிடம். அடுத்ததும் ஒரு நிமிடத்தில் விழுந்தது. மூன்றாவதும்.

காலையில் பட்டறையில் நடந்ததை அண்ணி அப்போதுதான் சொல்ல ஆரம்பித்தார். உங்கள் மாமா ஐந்து திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அறுபது எண்ணுவார், ஒன்றைப் போடுவார். கடிகாரம் இல்லாத இடத்தில் அவருடைய கடிகாரம் அது. போன் இல்லாத பட்டறையில் இருபத்தாறு வருடமாக அப்படித்தான் உட்காருகிறார். ஐந்து நிமிடம் என்று வாயால் சொன்னால் கேட்கிறவன் இரண்டு நிமிடத்தில் தொடுவான். உட்கார்ந்து காட்டினால் அவனும் உட்காருவான். ஒரு சொல்கூட இல்லாத பாடம் அது. அதனால்தான் நீங்கள் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

நாலாவது டிங். ஆபரேட்டர் ஒரு தடவைகூடப் பட்டறைக்குப் போனதில்லை. அவனுடைய கை மவுஸிலிருந்து எப்போதோ விலகியிருந்தது.

ஐந்தாவது விழுந்தது. ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. கடைசியில், கத்தரித்த இடத்தில், ஒரு "இ".

"இதோட அந்த வீடியோவை ஒட்டுங்க," என்றார் அண்ணி.

அவன் ஒட்டினான்.

"இப்ப தொடலாம்," என்றார் வாத்தியார், ஐந்து நிமிடம் கழித்து.

கிளட்ச், தான் இருபது வருடமாகச் சொல்லிக் கொடுத்ததில் ஒரே ஒரு தடவையாவது இப்படிப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோமா என்று யோசித்தார். இல்லை.

ஆபரேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். படம் பிடித்த அன்றைக்குக் காலையில் சாப்பிடும்போது, நானும் அவளும் தனியாக வீடு பார்த்துப் போகிறோம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அதைச் சொல்ல அவனுக்கு அன்றைக்குத்தான் தைரியம் வந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பதினொரு மணிக்கு ஸ்டுடியோ. பாடத்தின் நடுவில் திடீரென்று பேச்சை நிறுத்தினார். கேமராவை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்றது அவன்.

"எனக்குப் பதில் சொல்றார்னு நினைச்சேன்," என்றான். "அவர் பேசலைன்னா அது எங்க வீட்டுல கோவம். ஏன் மாமான்னு ஒரு வார்த்தை கேக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பாடத்தைத் திரும்ப ஆரம்பிச்சப்பதான் நிமிர்ந்தேன்."

பிறகு கம்ப்யூட்டரில் அந்த இடம் சிவப்பாக வந்தது, பேச்சு இல்லாத இடமெல்லாம் அப்படித்தான் வரும். வெட்டினான். ஆறு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. இவ்வளவு நீள அமைதியை வீணாக்குவானேன் என்று ஒலியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான்.

"யாரோ கை வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்க," என்றார் கிளட்ச். குரலில் கேலி இல்லை. "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

ஆபரேட்டர் நிமிர்ந்தான். மாமாவுக்கு இப்போதே போய்ச் சொல்ல வேண்டும் என்றான்.

"அவருக்குத் தெரியும்," என்றார் அண்ணி.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீடியோவில் பார்த்தது அதைத்தான். தான் உட்கார்ந்த ஐந்து நிமிடம் அதில் இல்லை. அதை வெட்டியிருக்கக் கூடியவன் ஒருவன்தான். அவன் அதே வீட்டில், அடுத்த அறையில், தன் மகளோடு இருக்கிறான். காலையில் கத்திய மனிதர் சாயங்காலம் வாயை மூடிக்கொண்டது அதனால். வளாகம் அதைக் குற்றம் என்று படித்தது. மருமகன் என்ன என்று படித்தானோ.

"கோவம்னு," என்றான் ஆபரேட்டர்.

அவனுடைய பென்டிரைவ் மேஜையில் கிடந்தது. அண்ணி அதை அவன் பக்கம் நகர்த்தினார். அமைதியும் வீடியோவும் ஒட்டிய பதிவைக் குழுவுக்கு யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றார். நான் கொண்டுபோனால் அவர் வேலை பிழைக்கும், அது போதும் என்றால் கொடுங்கள். நீங்கள் கொண்டுபோனால் உங்கள் வேலை போகலாம். அந்தப் பெண்ணின் கையும் உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

"ரெண்டும் ஒண்ணில்ல தம்பி," என்றார். "யோசிங்க. எவ்வளவு நேரம் இருக்குன்னு இந்த ரூம்ல எனக்குத் தெரியல."

---

ஒன்று ஐம்பத்தாறு. நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடி. வராந்தாவில் ஒரு பெஞ்ச். வாத்தியார் அதன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வீடியோவில் போட்ட அதே நீலச் சட்டை. ஒரு பாடம் முடியும்வரை ஒரே சட்டைதான் போட வேண்டும் என்று ஸ்டுடியோவில் சொல்லியிருந்தார்கள்; அவருடைய பாடம் இன்னும் முடியவில்லை.

அண்ணி ஜன்னலோரம் நின்றார். கிளட்ச் மூன்று அடி நடந்தார், திரும்பினார், மூன்று அடி நடந்தார். ஐம்பத்தேழு. படிக்கட்டில் யாரும் இல்லை. வரமாட்டான் என்று அவர் நினைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய் இழுத்து வரலாமா என்று கேட்க அண்ணி பக்கம் திரும்பினார். அண்ணி மறு கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர் பின்பக்கப் படி வழியாக வந்தான். மாமனாருக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தான். மூடிய வலது கையில் பென்டிரைவின் நுனி தெரிந்தது.

வாத்தியார் அந்தக் கையைப் பார்த்தார். திரும்பாமலே, தாழ்ந்த குரலில், பைக்குள்ளே வை என்றார்.

அவன் வைக்கவில்லை. இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். அங்கே ஒரு கடிகாரம் இருந்தது. இது ஓடியது.

"எவ்வளவு நேரம்னாலும் உக்காருங்க மாமா," என்றான் ஆபரேட்டர். "இந்தத் தடவை ஏன்னு எனக்குத் தெரியும்."

வாத்தியார் சட்டைப் பையில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. ஒரு பட்டியலுடன் ஆபீஸ் உதவியாளர் வெளியே வந்து, வெல்டிங் மெஷின் பாடம் எடுத்தவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். வாத்தியார் எழுவதற்குள் ஆபரேட்டர் எழுந்துவிட்டான். வாத்தியார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். காலையில் தன் மணிக்கட்டைப் பிடித்த அதே பிடி என்று கிளட்சுக்குத் தெரிந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்றான்.

உதவியாளர் பட்டியலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"இதுல அவர் ஒருத்தர் பேருதான் இருக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"